இன்னும் அம்பது அடி

கோகிலவாணிக்குக் கோபம் வந்தால் திருச்செங்கோட்டு மலை அரையடி பின்னால் நகர்ந்து நின்றுகொள்ளும் என்பது அந்த வீதியின் நம்பிக்கை. வைகாசி மாதத்து ஒரு காலையில் அவளுக்கு வந்த கோபத்துக்கு மலை அங்கே நிற்கவே கூடாது. சங்ககிரி வரைக்கும் ஓடியிருக்க வேண்டும்.

மஞ்சளும் உப்பும் மிளகாயும் பூண்டும் பிசைந்து ஊறவைத்த கறிப் போசியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினாள். பின்னாலேயே கோணி ஊசியும் நூல்கண்டுமாக, கறி வேலைக்குக் கூடமாட இருக்கும் பொன்னாயி. மாடியில் ஒருத்தன் டேப்பை இழுத்து அளந்துகொண்டிருந்தான். டேப்பின் முனையை உப்புக்கண்டம் காயப்போடும் கம்பியிலேயே மாட்டியிருந்தான். முந்தாநாள் கோத்துத் தொங்கவிட்ட கறிச்சரம் அவன் தலையில் பூ வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஆள் யாரென்று அவளுக்குத் தெரியும். மாரியப்பன். ஊரைச் சுற்றி இஞ்சினியரிங் காலேஜ்கள் முளைக்க முளைக்க, அதற்குப் பக்கத்திலேயே ஹாஸ்டலாக முளைக்க வைக்கிறவன். நாலு சுவரைப் பார்த்தால் எத்தனை கட்டில் போடலாம் என்று அவன் கண் தானாகக் கணக்குப் போட்டுவிடும்.

"ஏனுங்க, என்ன அளக்கறீங்க?" என்றாள் கோகிலவாணி.

"மேல எத்தனை ரூம்பு எடுக்கலாம்னு பாக்கறனுங்க்கா. அண்ணன் ஒண்ணும் சொல்லலீங்களா?"

"அண்ணன் என்னங்க சொன்னாரு?"

"ஊட்டக் குடுத்துட்டு ரெண்டு பேரும் கடலோரமாப் போயி நிம்மதியா இருக்கப் போறம்னாருங்க. வாக்குக் குடுத்துட்டாருங்க. நெம்ப சந்தோசமுங்க்கா. எல்லாத்துக்கும் அமையுமுங்களா அந்தப் பாக்கியம்?"

பொன்னாயி இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொண்டாள். அவளுக்குத் தெரியும். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் மரியாதை போகும். கோகிலவாணிக்குக் கோபம் ஏற ஏற மரியாதையும் சேர்ந்து ஏறும்.

"மாரியப்பனுங்க," என்றாள் கோகிலவாணி, "டேப்ப மடிச்சுக்கிட்டுத் தயவு பண்ணி எறங்கிப் போயிருங்க. படி இருக்குதுங்க. படி வேண்டாம்னு நெனச்சீங்கன்னா இப்படிக்காவே வீதியில குதிச்சாலும் சரிங்க."

மாரியப்பன் அனுபவஸ்தன். படியிலேயே போனான்.

கோகிலவாணியின் புருசன் தீர்த்தகிரி போர்வெல் ரிக் ஓட்டி ஓய்ந்தவர். சும்மா ஓட்டியவர் இல்லை. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஒடிசா, ஆந்திரா என்று இந்தியாவின் முதுகில் அவர் போட்ட ஓட்டைகளை ஒரே படத்தில் குறித்தால் தேசம் இடியாப்ப அச்சு மாதிரி தெரியும். தண்ணீர் வராத இடம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதை அவர் ஒத்துக்கொண்டதே கிடையாது. எழுநூறு அடியில் வெறும் புகை பறந்துகொண்டிருக்கும். பணம் கட்டின விவசாயி துண்டை வாயில் பொத்திக்கொண்டு நிற்பான். தீர்த்தகிரி அவன் தோளில் கைபோட்டு, "இன்னும் அம்பது அடி போட்டுப் பாப்பமுங்க," என்பார். அந்த ஐம்பதுக்கு அப்புறம் இன்னொரு ஐம்பது. பாதி இடத்தில் தண்ணீர் வந்துவிடும். மீதிப் பாதியைப் பற்றி அவர் பேசமாட்டார்.

நாற்பது வருசம், வருசத்தில் பத்து மாதம் வெளியூர். தீபாவளிக்கு வருவார், மழைக்காலத்தில் வண்டி ரிப்பேர் வேலைக்கு ஊருக்கு வரும்போது வருவார். கம்ப்ரசர் சத்தத்தில் காது முக்கால்வாசி போய்விட்டது. "சோறு போடட்டுங்களா" என்று அவள் கேட்டால், மலையடிவாரத்தில் இருக்கிறவர்கள் எல்லாம் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அவ்வளவு சத்தமாகக் கேட்டால்தான் அவருக்கு விழும்.

அவர் இல்லாத அந்தப் பத்துப் பத்து மாதங்களில் அவள் கண்டுபிடித்ததுதான் கறித் தொழில். ரிக் லாரி ஒரு தடவை வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பாது. ஆட்களுக்கு நாக்குச் செத்துப்போகும். ஒரு தடவை புருசனுக்கு என்று ஒரு தூக்குப்போசி நிறைய உப்புக்கண்டம் கொடுத்துவிட்டாள். ஆட்டுக் கறியை எலும்பில்லாமல் வாராக அரிந்து, மசாலில் ஊறவைத்து, ஊசியில் கோத்து, வெயிலில் விறகு மாதிரி காயவைத்தது. நாலு துண்டைத் தட்டி எண்ணெயில் போட்டால் போதும், அந்நிய தேசத்திலும் ஒரு குண்டாச் சோறு உள்ளே போகும். அடுத்த தடவை பத்து லாரிக்காரர்கள் கேட்டார்கள். இப்போது திருச்செங்கோட்டை விட்டுக் கிளம்புகிற லாரி முதலில் அவள் வீட்டு முன்னால் நின்று ஹாரன் அடித்து, கறி டப்பாவும் கொள்ளுப்பொடி டப்பாவும் ஏற்றிக்கொண்டுதான் பைபாஸ் ஏறும். இதற்கெல்லாம் முதல் என்ன? மொட்டை மாடியும் அதன் மேலே அடிக்கிற வெயிலும்தான். ஒரு சொட்டு ஈரமில்லாத, மண்டையைப் பிளக்கிற, திருச்செங்கோட்டு வெயில்.

அந்த மாடியைத்தான் மாரியப்பன் அளந்துவிட்டுப் போனான்.

மத்தியானம் தீர்த்தகிரி சாப்பிட உட்கார்ந்தார். கொள்ளுப்பருப்புக் கடைந்திருந்தாள். கோபத்தில் கடைந்த பருப்பு என்பதால் வெண்ணெய் மாதிரி மசிந்திருந்தது. அவர் முதல் வாயை எடுத்துவைக்கும் வரைக்கும் பொறுத்தாள்.

"ஏனுங்க, ஊட்ட யாரக் கேட்டுங்க வித்தீங்க?"

"எங்க புள்ள வித்தேன்? வாக்குத்தான குடுத்திருக்கறேன்."

"ஊடு எம்பேர்ல இருக்குதுங்க."

"அதையுந்தான் நாந்தான எழுதிவெச்சேன்," என்றார் அவர், அதுவும் தன் சாமர்த்தியம் என்பது போல.

பிறகு கடலைப் பற்றி ஆரம்பித்தார். ஸ்பின்னிங் மில்லில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற அவருடைய கூட்டாளி அருணகிரி, கிழக்குக் கரையில் மணல்மேட்டுப்பட்டினம் என்ற ஊரில் போய்க் குடியேறியிருந்தார். தை மாதம் அவரைப் பார்க்கப் போய் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்ததில் இருந்தே தீர்த்தகிரிக்கு வேறு பேச்சு இல்லை. அந்த ஊரில் எந்த வீதியில் நடந்தாலும் கடைசியில் கடல் வந்து நிற்கிறதாம். வெயிலே மேலே படுவதற்கு முன்னால் அனுமதி கேட்கிறதாம். காலையில் கட்டுமரம் கரையேறும்போது இறால் இன்னும் துள்ளிக்கொண்டிருக்குமாம், ஒவ்வொன்றும் கைக்குழந்தை தண்டி. சாந்தி நகர் என்று ஒரு காலனி. பூராவும் வேலையை விட்டு ஓய்ந்தவர்கள். மிக்சி ஏழு மணிக்கு மேல்தான் ஓடும். சாயங்காலம் பொழுதோட எல்லோரும் சாய்வு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மணலுக்குப் போய்க் கடலுக்கு நேராக உட்கார்ந்துகொள்வார்கள். யாரும் யாரையும் மகனுக்கு என்ன சம்பளம் என்று கேட்பதில்லை.

"எல்லாத்தையும் உடு, புள்ள," என்றார். சோற்றில் இருந்து கையை எடுத்துக் காதைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குள்ள ஒரு கம்ப்ரசரு ஓடிக்கிட்டே இருக்குது. வண்டிய வித்தும் நிக்கல. தூங்கினாலும் நிக்கல. அங்க அலைக்கு நேரா உக்காந்தன்னா அது நின்னு போகுது."

இதை அவர் இதற்கு முன் சொன்னதே இல்லை. கோகிலவாணி இன்னொரு கரண்டிப் பருப்பை அவர் தட்டில் ஊற்றினாள். ஆனால் கோபம் பாதி வழியில் திரும்பிப்போகிற ஜாதி இல்லை.

"நாப்பது வருசம் நீங்க இந்த ஊட்ல இல்லீங்க," என்றாள். "பையனுக்குக் காச்ச வந்தா நாந்தான் தூக்கிட்டு ஓடுனேன். உங்கம்மா செத்தன்னைக்கு நீங்க வந்து சேர்றதுக்குள்ள ஒறம்பரைச் சனமெல்லாம் மூணு நேரம் உண்டு முடிச்சிட்டாங்க. பொழுது சாஞ்சா பல்லி கத்தறதுதானுங்க எனக்குப் பேச்சுத் தொணை. நிம்மதி நிம்மதிங்கறீங்களே, அதுல நாப்பது வருசம் குடியிருந்து பாத்தாச்சுங்க. எனக்கு இப்பச் சத்தம் வேணுமுங்க. லாரி வந்து வாசல்ல நிக்கோணும். அக்கா, கறி ஆச்சான்னு நாலு பேரு கத்தோணும். அந்த ஈரக்காத்துல என்னோட கறி எங்கீங்க காயும்? கறி காயாத ஊர்ல நான் என்னத்துக்குங்க?"

தீர்த்தகிரி தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், எதுவானாலும் தண்ணியப் பார்க்காமல் அங்கே இடம் வாங்குவதில்லை, போர் போட்டுவிட்டுத்தான் மற்ற பேச்சு என்றார். ரிக்காரர்களின் சட்டம் அது. அந்தச் சட்டத்துக்குள் இன்னொரு வழக்கமும் உண்டு. ரிக்காரன் தனக்கென்று போர் போட்டால் அவன் பெண்சாதிதான் குழி இடத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றித் தேங்காய் உடைக்க வேண்டும். தண்ணீர் மேலே வந்ததும் முதல் கை அள்ளி வாயில் விட்டு அவள்தான் ருசி சொல்ல வேண்டும். அவள் சொல்லும்வரை வேறு யாரும் கையை நனைக்கக் கூடாது.

கோகிலவாணி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டாள். நல்ல தண்ணீர் என்று தன் வாயில் பட்டால் வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள். படாவிட்டால் கடல் பேச்சு இந்த வாசப்படிக்குள் மறுபடியும் வரக்கூடாது. தீர்த்தகிரி சரி என்றார். உலகத்தில் அவர் குழியில் தண்ணீர் நல்லா வராமல் போனதாகச் சரித்திரமே கிடையாது என்பது அவர் எண்ணம்.

"கடவாப் பல்லுல ஒரு உப்புக்கல்ல அடக்கிக்கிட்டுப் போங்க அம்மணி," என்று யோசனை சொன்னாள் பொன்னாயி.

"பொய் சொல்லிச் செயிக்கோணும்னு எனக்கில்ல," என்றாள் கோகிலவாணி. அதை அப்போது நிசமாகவே நினைத்துத்தான் சொன்னாள்.

மணலில் இறங்குவதற்குத் தோதான ரோட்டரி வண்டி ஒன்றைக் கூட்டாளிகளிடம் கேட்டு வாங்கி, தீர்த்தகிரி ஆட்களோடு அனுப்பினார். நாமக்கல், முசிறி, திருச்சி என்று அது முன்னால் போக, இவர்கள் பின்னால் காரில் போனார்கள். வழி முழுக்க அவள் பேசவில்லை. அவள் பேசாமல் வந்த சத்தம் தாங்காமல் டிரைவர் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி டீ குடித்தான்.

அருணகிரி வீட்டில் போய் இறங்கியதும் அவர் பெண்சாதி கொல்லையில் இருந்த அடிபம்பில் ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து நீட்டினாள். கோகிலவாணி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். இளநீர் தோற்றது. திருச்செங்கோட்டில் ஆயிரம் அடியில் இருந்து வருகிற தண்ணீரில் பருப்பு வேகவே பாதி நாள் ஆகும். இது நாக்கில் பட்டதும் வழுக்கிக்கொண்டு போனது.

"எத்தனை அடியிலீங்க இது?" என்று கேட்டாள்.

"பதினெட்டு அடிதான் அக்கா. இங்க எல்லா ஊட்லயும் அப்படித்தான். மழைத் தண்ணி மணல்ல எறங்கி மேலாப்புல மெதந்துக்கிட்டு இருக்குமாம். அதுக்குக் கீழ போனா உப்பு."

கோகிலவாணி சொம்பைக் கீழே வைத்தாள். பதினெட்டு அடியில் ஒரு குழாயைச் சொருகினால் தீர்ந்தது. நாளைக்கே அவள் வாயால் நல்ல தண்ணி என்று சொல்ல வேண்டும். சொன்ன கையோடு திருச்செங்கோட்டு மாடி போயிற்று.

மறுநாள் காலை, சாந்தி நகரிலேயே வாங்குவதற்குப் பார்த்துவைத்திருந்த இடத்தில் வண்டி நின்றது. ரிக்கை ஸ்டார்ட் செய்ததுமே சாந்தி நகர் பூராவும் கேட்டுக்கு வந்துவிட்டது. யாரும் சத்தம் போடவில்லை. போட்டுப் பழக்கம் விட்டுப்போன ஜனம். ஒரு ஓய்வுபெற்ற ஹெட்மிஸ்ட்ரஸ் உதட்டில் விரலை வைத்துக் கம்ப்ரசரைப் பார்த்து "உஷ்" என்றாள். கம்ப்ரசர் கேட்கவில்லை.

அருணகிரி வந்து, தீர்த்தகிரியின் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினார். இருபது அடியில் நிறுத்திவிடு, கீழே போகாதே, இங்கே யாரும் போகமாட்டார்கள் என்று. தீர்த்தகிரி கேட்டுக்கொண்டார். ஆச்சரியம், தலையையும் ஆட்டினார். முழங்கால் வலி, வெயில், வயசு. கடலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பெண்சாதியைப் பார்த்துக் கேட்டார்: "என்ன புள்ள, இருபதோட நிறுத்திக்கலாமா?"

அப்போது அவள் ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"நிறுத்திக்குங்க," என்றாள் கோகிலவாணி, அந்தச் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரலில். "இத்தன பெரிய வண்டிய எட்டு ஊரு தாண்டிக் கொண்டாந்து எலிப்பொந்து தோண்டிட்டுப் போலாமுங்க. திருச்செங்கோட்டுத் தீர்த்தகிரி பதினெட்டு அடியில மூச்சு வாங்கிட்டாருன்னு நானே ரிக்கு லைன்ல எல்லாத்துக்கும் சொல்லிக்கறனுங்க."

வண்டியில் இருந்த ஆட்கள் சிரித்துவிட்டார்கள். தீர்த்தகிரியின் மீசை இரண்டு பக்கமும் எழுந்து நின்றது.

"எறக்குடா ராடை," என்றார்.

இருபது போயிற்று. ஐம்பது போயிற்று. நூறில் கருப்பு மண் வந்தது, நாற்றம் அடித்தது. இன்னும் அம்பது அடி என்றார். நூற்றைம்பதில் சிப்பி வந்தது. ஆதி காலத்தில் செத்த நண்டு எல்லாம் எழுந்து வருகிற மாதிரி வந்தது. இன்னும் அம்பது அடி. இருநூறுக்கு மேல் போய்க் கேசிங் குழாய் இறக்கிக் கம்ப்ரசரை வைத்தார்கள். ஒரு உறுமல். பிறகு தண்ணீர் எழுந்தது பாருங்கள், நின்ற தென்னை மரம் எல்லாம் குட்டையாகிப் போயிற்று. பனை உயரத்துக்கு வெள்ளையாகப் பொங்கி, நாலு பக்கமும் விரிந்து விழுந்தது. சாந்தி நகர் விதியை மறந்து கைதட்டியது. ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் விசிலே அடித்தார்.

கோகிலவாணி முந்தானையைச் செருகிக்கொண்டு போய் ஒரு கை ஏந்தி வாயில் விட்டாள்.

நாற்பது வருசமாகக் கறிக்கு உப்புப் போடுகிற கை அவளுடையது. அந்த வாய்க்கே தாங்கவில்லை. துப்பினாள். பூமிக்குக் கீழே இன்னொரு கடலை வைத்திருந்து அதைச் சுண்டக் காய்ச்சின மாதிரி இருந்தது.

"உப்புங்க," என்றாள். அந்த ஒரு வார்த்தையில் மாடி, வெயில், கறிக் கம்பி, வாசலில் லாரி எல்லாம் அவளுக்குத் திரும்பி வந்தது.

தீர்த்தகிரி நம்பவில்லை. கழுவிவிட்டால் தெளியும் என்றார். பாறை ஊரில் அப்படித்தான். முதலில் கலங்கி வரும், அடித்து வெளியேற்ற வெளியேற்றத் தெளியும். பொழுது சாயும் வரைக்கும் அடித்தார். உப்புத் தண்ணீர் வீதியில் ஓடி, கேட்டுக்கு அடியில் நுழைந்து, மல்லிகைப் பாத்தியையும் முருங்கைக் கன்றையும் நனைத்து மணலுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. பாறையில் ஊற்றின தண்ணீர் ஓடிப்போகும். மணலில் ஊற்றினது எங்கே போகும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. கோகிலவாணிக்கு ஜெயித்த மயக்கம். பெட்டியைக்கூட அடுக்கி வைத்துவிட்டாள்.

விடிந்ததும் சாந்தி நகரில் காபி முறிந்தது.

ஒரு வீட்டில் இல்லை, அந்த வரிசை வீடுகள் முழுக்க. அடிபம்பை அடித்து அடுப்பில் வைத்துப் பாலை ஊற்றினால் பால் திரிந்து போயிற்று. வாய் கொப்பளித்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். முந்தின நாள் மணலில் இறங்கின உப்பு, மேலாப்புத் தண்ணீரில் கலந்துவிட்டிருந்தது. பணியில் இருந்து விடைபெற்ற நாளில் குரலையும் ஒப்படைத்துவிட்டு வந்த அத்தனை பேரும் அன்று அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். கடல் அலை கேட்கவில்லை. ஹெட்மிஸ்ட்ரஸ் போட்ட கூச்சலில் அவளிடம் படித்த பிள்ளைகள் உலகத்தில் எங்கெங்கே இருந்தார்களோ அங்கங்கே எழுந்து நின்றிருப்பார்கள். கிணறு வெட்டத் தெரியாதவன், காட்டான், கல் உடைக்கிறவன் என்று தாசில்தார் ஒவ்வொன்றாகச் சொன்னார். தீர்த்தகிரி நடுவில் நின்றார். பாதி அவர் காதில் விழவில்லை. விழுந்த பாதியே போதுமானதாக இருந்தது.

அருணகிரி கத்தவில்லை. "உன்னை இங்க நாந்தான் கூட்டியாந்தேன், கிரி," என்று மட்டும் சொன்னார்.

அவர் பெண்சாதி கொல்லைப்புறப் படியில் குடத்தோடு உட்கார்ந்திருந்தாள். காலிக் குடத்தின் கழுத்தைக் கை பிடித்திருந்தது. முந்தாநாள் அதே கையால்தான் கோகிலவாணிக்குச் சொம்பை நீட்டினாள். கோகிலவாணி அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் குடத்தையே பார்த்தாள். யார் மேலாவது கோபப்பட வேண்டும் போல் இருந்தது. தேடிப் பார்த்தால் அந்த இடத்தில் தன்னைத் தவிர யாரும் இல்லை. அவளுக்கு இது புது அனுபவம். கோபம் உள்ளே திரும்பினால் இப்படிச் சுடும் என்று அதுவரை தெரியாது.

நல்லவேளையாகத் தீர்த்தகிரி வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பயப்படாதீங்க," என்றார் கூட்டத்தைப் பார்த்து. "ராடு இன்னும் இருக்குது. இன்னும் அம்பது அடி போட்டம்னா உப்பைத் தாண்டி நல்ல தண்ணிக்குப் போயிரலாம்."

கோகிலவாணி இரண்டு எட்டில் அவர் முன்னால் வந்தாள்.

"சாமி," என்றாள், "உங்களைக் கையெடுத்துக் கும்படறனுங்க. இன்னொருக்கா அந்த அம்பது அடிய உங்க வாயில இருந்து எடுத்தீங்கன்னா, உங்களையே அந்தக் குழியில எறக்கிவுட்டு மேல கேசிங் போட்டு மூடிட்டுத்தானுங்க திருச்செங்கோடு போவேன்."

சாந்தி நகர் கப்சிப் ஆகிவிட்டது. தாசில்தார் தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போனார்.

பிறகு அவள்தான் எல்லாம் சொன்னாள். களிமண்ணும் சிமெண்டும் போட்டு அந்தக் குழியை வாய் வரைக்கும் அடைக்கச் சொன்னாள். ரிக்கை ஊருக்குப் போகச் சொன்னாள். இடம் வாங்குவதில்லை என்று இடத்துக்காரனுக்குச் சொல்லச் சொன்னாள். பொன்னாயிக்குப் போன் போட்டு, கறியை நீயே பாரு, உப்பைக் கையளவு பார்த்துப் போடு, தினமும் கூப்பிடுவேன் என்றாள். இரவோடு இரவாகக் கிளம்பிவிடலாமா என்று தீர்த்தகிரி ஜாடையில் கேட்டதற்கு, அடுத்தவர் குடிக்கிற தண்ணியைக் கெடுத்துவிட்டு ஓடிவந்தவர்கள் என்று பேர் வாங்கிக்கொண்டு அந்த மாடியில் என்னால் கறி காயவைக்க முடியாது என்றாள். மழை பெய்து மேல் தண்ணீர் மறுபடியும் இனிக்கிற வரைக்கும் அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் இவர்கள் பொறுப்பு.

மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது. கடலோரத்து மழை ஐப்பசியில்தான்.

அருணகிரி வீட்டுக்கு எதிரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். தள்ளி உள்ளே ஒரு கிராமத்தில் நல்ல கிணறு இருந்தது. அங்கிருந்து டிராக்டர் டேங்கரில் தண்ணீர். ஓய்வெடுக்கப் போன தீர்த்தகிரி விடிகாலையில் டிராக்டர் ஓட்டினார். கோகிலவாணி மட்கார்டில் உட்கார்ந்து வந்து, வீட்டு வீட்டுக்கு ஹோஸைப் பிடித்துக் குடம் நிரப்பினாள். முதல் வாரம் யாரும் முகம் கொடுக்கவில்லை. இரண்டாவது வாரம் ஹெட்மிஸ்ட்ரஸ் மோர் கொடுத்தாள். பொன்னாயிக்குப் போனில் கோகிலவாணி கத்துகிற கத்தலில் அந்தக் காலனி முழுக்க உப்புக்கண்டம் பக்குவம் மனப்பாடமாகிவிட்டது. சுத்த சைவமான தாசில்தார்கூட, பூண்டு கொஞ்சம் குறைச்சலா இருக்கும்மா என்று கேட்டுக்குள் இருந்தபடியே யோசனை சொன்னார்.

அவளுக்குக் கோபம் குறையவில்லை. காலையில் புருசன் மேல் கோபத்தோடு எழுவாள். டேங்கர் மேல், ஈரக்காற்றின் மேல், துணி காயாத கொடியின் மேல் என்று அது பகல் முழுக்க வளரும். ஆனால் பத்து மணிக்குள் தண்ணீர் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. கறி இல்லை, லாரி இல்லை, கூப்பிடுகிறவர்கள் இல்லை. மீன்காரி வந்து வீட்டு வாசலிலேயே சங்கரா மீனைச் செதிள் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். குழம்பு வைத்துச் சாப்பிட்டால் ஜன்னல் வழியாகக் காற்று வந்து இமையைக் கீழே இழுக்கும். கல்யாணம் ஆன நாளில் இருந்து பகலில் படுத்தறியாத கோகிலவாணி ஒருநாள் கண்ணயர்ந்து, நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்தாள். உடம்பில் எந்த இடத்திலும் வலிக்கவில்லை. அன்றைக்கு வந்தது பாருங்கள் ஒரு கோபம், அதற்கு முன் வந்ததெல்லாம் கோபத்தில் சேர்த்தியே இல்லை.

அன்று பொழுதோட தீர்த்தகிரி சாய்வு நாற்காலியை மணலுக்குத் தூக்கிப் போனபோது அவளும் போய்ப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்தாள். எதையாவது உடைக்காமல் தூங்க முடியாது என்று தோன்றியது.

"அந்தப் பதினெட்டு அடித் தண்ணிய நான் மொத நாளே குடிச்சனுங்க," என்றாள். "தேனாட்டம் இருந்துச்சுங்க. நீங்க நிறுத்திக்கலாமான்னு கேட்டப்ப வேணும்னேதான் உசுப்பிவுட்டேன். ஊடு போயிருமேன்னு. இந்தச் சனங்க தண்ணி கெட்டதுக்கு நாந்தானுங்க காரணம்."

அலைக்கு மேலாக அவள் கத்தவில்லை. ஆனாலும் அவருக்கு விழுந்துவிட்டது.

"நீ உசுப்பாட்டியும் போட்டிருப்பேன், புள்ள," என்றார் அவர், கடலைப் பார்த்தபடியே. "அம்பதுல நிறுத்திருக்கலாம், நூறுல நிறுத்திருக்கலாம். நீ அப்பெல்லாம் வாயத் தொறக்கவே இல்லையே. அது எங்கையி பண்ணுன வேலை."

"நான் பண்ணுன தப்பக்கூட எனக்குன்னு உடமாட்டீங்களா நீங்க?"

அவர் சிரித்தார். பிறகு, மாரியப்பனிடம் வாக்கைத் திருப்பி வாங்கிக்கொண்டதாகவும் அவன் ஒருமாதிரி பேசினதாகவும் சொன்னார். மழை முடிந்ததும் ஊருக்குப் போய்விடலாம், வீடு உன்னோடது, இனிக் கேட்கமாட்டேன் என்றார். நாற்பது வருசத்தில் அவர் அவளிடம் தோற்று அவள் பார்த்ததில்லை. அதற்குச் சந்தோசப்பட வேண்டும். அதற்குக்கூடக் கோபம்தான் வந்தது.

தூரத்தில் கட்டுமரம் ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. காற்று அவள் முடியைப் பிரித்துவிட்டது. அவள் அதை அள்ளிக் கட்டவில்லை.

"ஏனுங்க," என்றாள், "இங்க மழை ஐப்பசியில வந்துருமுங்களா?"

"ஐப்பசியும் உண்டு, கார்த்திகைக்குத் தள்ளிப் போறதும் உண்டுன்னு அருணகிரி சொல்றான். ஏம் புள்ள, அவசரமா?"

கோகிலவாணி எழுந்து சேலையில் ஒட்டின மணலை, மணல் என்ன குற்றம் செய்ததோ, அப்படி அடித்து உதறினாள்.

"எனக்கென்னங்க அவசரம்," என்றாள் வெடுக்கென்று. "மெதுவாவே வரட்டுமுங்க."